கொழும்பில் தலையாட்டினார்கள், ஓடர் வரவில்லை: எப்படிக் கதைப்பது?

கேள்வி சுருக்கமாக இதுதான். புதுக்குடியிருப்புப் பக்கம் ஆறு பெண்கள் சேர்ந்து வறுத்த அரிசிமா, ஒடியல் மா (காயவைத்த பனங்கிழங்கு மா), மிளகாய்த்தூள் செய்கிறார்கள். அரிசிமாவுக்குப் பூநகரியில் மொட்டைக்கறுப்பன் என்ற சிவப்பரிசி நெல் வாங்குகிறார்கள். கொழும்பில் ஒரு சுப்பர் மார்க்கெற்றின் கொள்வனவு அதிகாரியைப் போய்ச் சந்தித்தார்கள். முல்லைத்தீவில் ஒரு வங்கியில் அரைக்கும் மெசினுக்கும் பக்கற் அடைக்கும் மெசினுக்கும் 15 லட்சம் ரூபா கடன் கேட்டார்கள். இரண்டு இடத்திலும் மரியாதையாக இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, தலையாட்டிக் கேட்டார்கள். மூன்று மாதமாகப் பதில் இல்லை. "எங்களுக்குக் கதைக்கத் தெரியேல்லையோ? எப்பிடிக் கதைச்சால் ஓமெண்டுவினம்?" என்று கேட்கிறார் அவர்களில் ஒரு தங்கச்சி. அங்கே வாசித்துக் காட்டிய குறிப்பையும் அனுப்பியிருக்கிறார்.

தங்கச்சி, உங்களுக்குக் கதைக்கத் தெரியவில்லை என்று நான் நினைக்கவில்லை. குறிப்பு தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் இருப்பதெல்லாம் உங்களைப் பற்றி. மேசைக்கு எதிர்ப்பக்கம் இருந்தவரைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

நான் பல வருடம் அந்த எதிர்ப்பக்கக் கதிரையில் இருந்து உணவுப் பொருள் வாங்கினவன். பிறகுதான் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் சின்ன உற்பத்தியாளர்களோடு வேலை செய்தேன். அந்தக் கதிரையின் சங்கடத்தைச் சொல்கிறேன். புதுப்பொருள் ஒன்றை உள்ளே எடுத்து அது நன்றாக விற்றால், வாங்கினவரை யாரும் கூப்பிட்டுப் பாராட்ட மாட்டார்கள். மாவுக்குள் வண்டு வந்தாலோ, தைப்பொங்கலுக்கு முதல் கிழமை சரக்கு வராமல் தட்டு வெறுமையாகக் கிடந்தாலோ, மேலதிகாரி அவரைத்தான் கூப்பிடுவார். ஆகவே நீங்கள் கதைத்துக்கொண்டிருக்கும்போது அவர் மனதுக்குள் ஓடுவது, இதை எடுத்தால் எனக்கு என்ன தலையிடி வரும் என்பதுதான். வாங்குகிறவரை இணங்க வைப்பதில் பெரும்பகுதி, அந்தத் தலையிடிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவது. குரல், சிரிப்பு, உடுப்பு, ஆங்கிலம் எல்லாம் அதற்குப் பிறகு.

உங்கள் குறிப்பின் முதல் வரி: "நாங்கள் யுத்தத்தால் பாதிக்கப்பட்ட, பெண்களைத் தலைமையாகக் கொண்ட குடும்பங்கள்." இதை எழுதப் பழக்கியது யார் என்று எனக்குத் தெரியும். 2009 மே மாதத்துக்குப் பிறகு முகாம்களில் இருந்து சனம் ஊர் திரும்பியபோது, வன்னிக்குள் தொண்டு நிறுவனங்கள் வரிசையாக வந்தன. கோழிக்கூடு, ஆடு, தையல் மெசின், கிணறு, எது வேண்டுமென்றாலும் ஒரு படிவம். என்ன இழந்தீர்கள் என்பதுதான் அதில் பெரிய கேள்வி. இழப்புக் கூடினால் பட்டியலில் மேலே வருவீர்கள். கிராம அலுவலரின் கடிதம், பிரதேச செயலகத்தின் முத்திரை, கடைசியில் "தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்." பல வருடம் எங்கள் சனம் வெளியுலகத்தோடு கதைத்தது இந்தப் பாஷையில்தான். உதவி கொடுக்கிறவருக்கு அது சரி. யாருக்குத் தேவை கூட என்று அவர் அறிய வேண்டும்.

வாங்குகிறவர் அதே வரிகளைக் கேட்டு வேறு கணக்குப் போடுகிறார். இவர்களிடம் கையில் காசில்லை, ஒரு மாதம் பணம் பிந்தினால் நின்றுவிடுவார்கள். மெசின் உடைந்தால் திருத்த வழியில்லை. தொண்டு நிறுவனம் போனால் தொழிலும் போய்விடும். நீங்கள் இரக்கத்தை எதிர்பார்த்துச் சொன்னது அவருக்கு எச்சரிக்கையாகக் கேட்கிறது. அவர் கல்நெஞ்சுக்காரர் இல்லை, அதனால்தான் தேத்தண்ணி தந்து கடைசிவரை கேட்டார். ஓடர் தருவது வேறு விடயம்.

இப்படிச் சொன்னால், பட்ட பாட்டை மறைக்கச் சொல்கிறாயா என்று சிலர் கோபிப்பார்கள். மறைக்க ஒன்றும் இல்லை. பக்கற்றின் பின்பக்கத்தில் இரண்டு வரி இருக்கட்டும்: யார் செய்கிறார்கள், எந்த ஊர் என்று. கேட்டால் சொல்லுங்கள். முன்வரியாக மட்டும் வைக்காதீர்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற எங்கள் ஆட்களின் கடைகளிலேயே இதைப் பார்க்கலாம். முதல் பக்கற் வன்னி என்ற பெயருக்காகப் போகும். இரண்டாவது பக்கற், கூழ் நன்றாக வந்தால்தான் போகும். கசப்பு எடுபடாத ஒடியல் மாவை ஊர்ப்பாசத்துக்காக எத்தனை தரம் வாங்குவார்கள்?

சரி, கொள்வனவு அதிகாரியிடம் திரும்பப் போகும்போது என்ன சொல்வது? நான் என்றால் இவ்வளவுதான் சொல்வேன்:

"வணக்கம் சேர். நாங்கள் பூநகரி மொட்டைக்கறுப்பன் அரிசியில் வறுத்த மா செய்கிறோம். இடியப்பத்துக்கும் பிட்டுக்கும் நல்லது. 400 கிராம் பக்கற், மாதம் 1,000 தரலாம். அடுத்த ஆறு மாதத்துக்கு வேண்டிய நெல் இப்பவே கையில் இருக்கு. லேபல் மூன்று மொழியிலும் இருக்கு, பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து பார்த்த கடிதமும் இருக்கு. முதலில் உங்களுடைய இரண்டு கடையில் மட்டும் வைத்துப் பாருங்கோ. 60 நாளில் விற்காததை எங்கள் செலவில் திருப்பி எடுக்கிறம்."

இதைச் சொல்ல ஒரு நிமிடமும் ஆகாது. ஒவ்வொரு வரியும் அவருடைய ஒரு பயத்துக்கு மருந்து. அதனால் அந்த வரிகள் உண்மையாகவும் இருக்க வேண்டும். கையில் இல்லாத நெல்லை இருக்கிறது என்று சொன்னால், இரண்டாம் மாதமே தெரிந்துவிடும்.

நீங்கள் மூன்று பொருள் கொண்டுபோனீர்கள், நான் ஒன்றைத்தான் இங்கே சொல்லியிருக்கிறேன், கவனித்தீர்களா? தமிழர் நிறைய இருக்கிற வெள்ளவத்தைக் கடையில் ஒடியல் மா விற்கும். சிங்களவர் கூடிய மகரகமக் கடையில் அதைக் கையில் எடுத்துப் பார்க்கிறவருக்கு அது என்னவென்றே தெரியாது. ஆனால் சிவப்பரிசி மாவில் இடியப்பம் அவிக்காத சிங்கள வீடு குறைவு. அந்த அதிகாரிக்குக் கொழும்பில் இருக்கிற எல்லாக் கடைகளும் ஒரே கணக்கு. ஆகவே அவருடைய வாடிக்கையாளரின் குசினியில் ஏற்கெனவே இடம் இருக்கிற பொருளோடு போங்கள். ஒரு பொருள் மூன்று மாதம் ஒழுங்காகப் போனபிறகு, மற்றதை அவரே கேட்பார், அல்லது நீங்கள் கேட்டால் மறுக்கச் சங்கடப்படுவார்.

ஆறு மாத நெல் என்று ஏன் சொல்கிறோம்? காலபோகம், அதாவது மாரிமழை நெல், தை தொடக்கம் பங்குனி வரைக்குள் வெட்டி முடிகிறது. நெல்லை அப்போது வாங்கிச் சேர்த்தால்தான் வருடம் ஓடும். கொள்வனவு அதிகாரிக்குக் காலபோகம், சிறுபோகம் எல்லாம் மேலோட்டமாகத்தான் தெரியும், ஆனால் கிராமத்துப் பொருள் ஒரு மாதம் வந்து மறுமாதம் நிற்கும் என்று அனுபவத்தில் தெரியும். அதேபோல மழை. கிளிநொச்சியில் இருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 330 கிலோமீற்றர். 2018 டிசம்பரில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததைக் கொழும்பில் இருக்கிறவர்களும் செய்தியில் பார்த்தவர்கள்தான். கார்த்திகை மார்கழியில் உங்கள் லொறி வருமா என்பது அவர் வாய்விட்டுக் கேட்காத கேள்வி. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: மழைக்கு முன் ஒரு மாதச் சரக்கை வவுனியாவிலோ கொழும்பிலோ தெரிந்த ஒருவரின் களஞ்சியத்தில் இறக்கி வைப்போம் என்று. இதைச் சொல்லும் இடத்தில்தான் அவர் பேனையை எடுப்பார்.

லேபலும் அப்படித்தான். பொருளின் பெயர், சேர்மானங்கள், நிறை, தொகுதி இலக்கம், உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, செய்தவரின் பெயர் முகவரி இவையெல்லாம் இல்லாத பக்கற்றைப் பெரிய கடை தொடாது. பார்கோடும் வேண்டும். இலங்கையில் பதிந்து எடுத்தால் 479 என்று தொடங்கும். நீங்கள் கொண்டுபோன பக்கற்றில் லேபல் தமிழில் மட்டும் இருந்தது, காலாவதித் திகதி பேனையால் எழுதியிருந்தது. அதைக் கையில் கொடுத்த நிமிடமே, நீங்கள் வாயால் சொன்ன பாதி அழிந்துபோயிருக்கும். வாங்குகிறவர்கள் கண்ணால்தான் முதலில் கேட்கிறார்கள்.

அடுத்தது, குறையைச் சொல்வதா விடுவதா என்ற கேள்வி. எங்கள் ஊரில் விற்கப் போகிறவருக்குக் கொடுக்கும் புத்திமதி, "குறையை நீ ஏன் வாயால சொல்லப்போறாய்?" என்பதுதான். இதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டாம் உலகப் போரின் கடைசிக் கட்டத்தில் கார்ல் ஹோவ்லண்ட் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவும் அமெரிக்கப் படைவீரர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஜேர்மனி தோற்றாலும் ஜப்பானோடு போர் நீளும் என்று வானொலிப் பேச்சால் அவர்களை நம்பவைக்க வேண்டும். ஒரு பகுதியினருக்கு நீளும் என்பதற்கான காரணங்கள் மட்டும். இன்னொரு பகுதியினருக்கு, கெதியாக முடியலாம் என்பதற்கான காரணங்களையும் சேர்த்துச் சொன்னார்கள். ஏற்கெனவே ஒத்துக்கொண்டவர்களிடம் ஒருபக்கப் பேச்சு நன்றாக வேலை செய்தது. மாற்றுக் கருத்தோடு இருந்தவர்களிடம் இருபக்கமும் சொன்ன பேச்சுத்தான் கூட எடுபட்டது. கொள்வனவு அதிகாரியும் வங்கி முகாமையாளரும் எந்த வகை என்று சொல்லத் தேவையில்லை. சந்தேகப்படுவதற்குத்தான் அவர்களுக்குச் சம்பளம்.

ஆகவே ஒடியல் மாவைப் பற்றி அவரே கேட்டால், "வருசம் முழுக்க ஒரே அளவு தர ஏலாது சேர். கிழங்கு கிண்டுவது மார்கழி, தை, மாசியில்தான். காயவைத்து இருப்பு வைத்தாலும் வருசக் கடைசியில் குறையும்" என்று நீங்களே சொல்லுங்கள். அதைச் சொன்ன வாயால் சொல்லும் "மாதம் 1,000 பக்கற் அரிசிமா தரலாம்" என்பதை அவர் நம்புவார். ஆனால் எல்லாக் குறையையும் கொட்ட வேண்டாம். அவர் எப்படியும் கண்டுபிடிக்கப் போவதையும், அவருக்குச் செலவு வைக்கக்கூடியதையும் சொன்னால் போதும். உங்களில் இரண்டு பேருக்குள் போன மாதம் வந்த சண்டை அவருக்குத் தேவையில்லை.

இன்னொரு சோதனையையும் சொல்லவேண்டும். பயிற்சிப் பட்டறைகளில் அதைப் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். 1978 இல் எலன் லாங்கர் என்ற உளவியலாளரின் குழு வெளியிட்ட ஆய்வு அது. நியூயோர்க்கில் போட்டோகொப்பி எடுக்கப் போகிறவரிடம் ஒருவர் வந்து, என்னை முதலில் விடுகிறீர்களா, 5 பக்கம்தான் என்று கேட்கிறார். காரணம் சொல்லாமல் கேட்டபோது 60 வீதமானோர் விட்டார்கள். அவசரம் என்று காரணம் சொன்னபோது 94 வீதம். "கொப்பி எடுக்கவேண்டும், அதனால்" என்று காரணமே இல்லாத ஒரு காரணத்தைச் சொன்னபோதும் 93 வீதம். பட்டறை இந்த இடத்தில் முடியும்: ஏதோ ஒரு காரணம் சொன்னால் போதும், சனம் இணங்கும் என்று. மீதிக் கதை என்னவென்றால், 5 பக்கத்துக்குப் பதில் 20 பக்கம் என்று கேட்டபோது, வெறும் காரணம் சொன்னவருக்கும் ஒன்றும் சொல்லாதவருக்கும் ஒரே 24 வீதம்தான். உண்மையான காரணம் சொன்னவருக்கு 42. சின்ன உதவிக்கு எந்தச் சாட்டும் ஓடும். கேட்பது பெரிதானால் சாட்டு விழுந்துவிடும். 15 லட்சம் எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

விலைக்கு வருகிறேன். குறிப்பின் கடைசி வரி, "தேவையென்றால் விலையைக் குறைத்தும் தருவோம்." அவர் விலையைப் பற்றிக் கேட்கவே இல்லையே! கணக்குக்காக நான் சில எண்களை வைக்கிறேன். உங்கள் உண்மையான எண்களைப் போட்டுப் பாருங்கள். கடையில் பக்கற் 400 ரூபாவுக்குப் போகிறது, கடை 25 வீதம் எடுக்கிறது, உங்கள் கைக்கு 300 வருகிறது. நெல், குத்துக்கூலி, விறகு, பக்கற், லேபல், லொறி, உங்கள் ஆறு பேரின் கூலி எல்லாம் சேர்த்து 220. மிச்சம் 80. இப்போது 10 வீதம் குறைக்கிறோம் என்று சொன்னால் 300 இல் 30 போகிறது. மிச்சம் 50. பழைய இலாபத்தைப் பிடிக்க 1,000 பக்கற்றுக்குப் பதிலாக 1,600 பக்கற் விற்கவேண்டும். வாயால் பத்து என்று சொன்னது கையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இலாபத்தைத் தின்றுவிடுகிறது. அதோடு, கேட்காமலே குறைக்கிறவரைப் பார்த்தால் முதல் சொன்ன விலையே பொய் என்றுதான் தோன்றும்.

அவராகவே விலையை நெரித்தால், குறைப்பதற்குப் பதில் ஒன்றைக் கேளுங்கள். "10 ரூபா குறைக்கலாம் சேர், ஆனால் 60 நாளுக்குப் பதிலாக 30 நாளில் காசு தரவேணும்." அல்லது, "ஆறு மாதத்துக்கு ஓடரை எழுத்தில தாங்கோ." விட்டுக்கொடுப்பதற்கு ஒரு விலை இருக்கிறது என்று தெரிந்தால் அதற்கு மேல் நெரிப்பது குறையும். "வேற கொம்பனியும் கேட்டவை" என்ற புளுகை மட்டும் சொல்லாதீர்கள். இந்த நாட்டில் பெரிய சுப்பர் மார்க்கெற்றுகள் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான், வாங்குகிற ஆட்களும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள்.

காசு வர எடுக்கும் இந்த 60 நாள் இருக்கிறதே, அதுதான் உங்கள் வங்கிக் கதையின் திறப்பும். மாதம் 1,000 பக்கற் அனுப்புகிறீர்கள், காசு இரண்டு மாதம் கழித்து வருகிறது என்றால், முதல் காசு கைக்கு வருமுன் 2,000 பக்கற்றின் செலவு, அதாவது 4 லட்சத்து 40 ஆயிரம் ரூபா, வெளியே நிற்கும். உங்களுக்கு இப்போது உண்மையில் வேண்டியது அந்தக் காசுதான். 1,000 பக்கற்றை இருக்கிற ஏற்பாட்டோடு சமாளிக்கலாம் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஓடர் இல்லாமல் மெசினுக்கு 15 லட்சம் கேட்டால் முகாமையாளருக்கு ஒரு காட்சிதான் தெரியும்: பூட்டிய கொட்டிலுக்குள் தூசி பிடித்த மெசின். அப்படிக் கிடக்கிற மெசின்கள் எங்கள் பக்கம் இல்லாமலா?

சுப்பர் மார்க்கெற்றின் எழுத்துமூல ஓடரோடு போய், "சேர், ஓடர் இது. காசு வர 60 நாள். அந்த இடைவெளிக்கு நாலரை லட்சம் வேணும். காசு உங்கட வங்கிக் கணக்குக்கே வரும்" என்று சொன்னால், அவர் தன் பிராந்திய அலுவலகத்துக்கு எழுதவேண்டிய பந்தியை நீங்களே எழுதிக் கொடுத்தது போல. கொள்வனவு அதிகாரிக்குச் சொன்னது இவருக்கும் பொருந்தும். முடிவை அவர் தனியாக எடுப்பதில்லை, மேலே இருக்கும் ஒருவருக்கு விளக்கம் சொல்லவேண்டும். உங்களை நம்பினால் மட்டும் போதாது, மேலே காட்டுவதற்கு அவருக்குத் தாள் வேண்டும்.

வங்கிக்குப் போகுமுன் இன்னொரு வேலை. கடன் தகவல் பணியகத்தின் அறிக்கை, சனம் "கிறிப்" என்று சொல்வது, முகாமையாளரின் திரையில் வரும். லீசிங் கட்டுப்பணம் பிந்தியது, எங்கோ பிணை நின்றது எல்லாம் அதில் தெரியலாம். எங்கள் பெண்களில் நுண்கடன் எடுத்து அல்லல்படாதவர்கள் குறைவு என்பது அவருக்கும் தெரியும். உங்கள் அறிக்கையை நீங்களே முதலில் எடுத்துப் பார்க்கலாம். பிந்திய கட்டுப்பணம் ஏதும் இருந்தால், அவர் திரையைத் திருப்புமுன் சொல்லிவிடுங்கள்: எந்தக் கடன், ஏன் பிந்தியது, இப்போது எவ்வளவு மிச்சம். அவர் கண்டுபிடித்துக் கேட்டபிறகு சொல்லும் அதே விளக்கம் சாட்டுப்போலத்தான் கேட்கும்.

பாஷையைப் பற்றி நீங்கள் அதிகம் கவலைப்பட்டிருக்கிறீர்கள். அரச அலுவலகம் என்றால் கவலையே வேண்டாம். 1987 இல் வந்த 13 ஆவது திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி. கொழும்புத் திணைக்களத்துக்கும் தமிழில் எழுதலாம், தமிழில் பதில் கேட்கலாம். தனியார் கொம்பனிக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அங்கே போகும்போது நான் செய்யச் சொல்வது, கொமியூனிகேசன் கடையில் கொடுத்து அடுக்குமொழி ஆங்கிலக் கடிதம் அடிப்பதை விடுவது. ஒரு பக்கம் போதும்: பொருளின் படம், நிறை, விலை, மாத அளவு, காலாவதிக் காலம், தொலைபேசி இலக்கம். எண்களுக்கும் படத்துக்கும் பெரிதாக மொழிபெயர்ப்புத் தேவையில்லை. அதையே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் போடுங்கள். வவுனியாவில் இரண்டு மொழியும் சரளமாகக் கதைக்கிறவர்கள் நிறையப் பேர். ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஆனால் அவர் உங்கள் வாயாகத்தான் இருக்கவேண்டும். விலையை அவர் கதைக்க விடாதீர்கள். மொழிபெயர்க்க வந்தவர் உற்சாகத்தில் "2,000 பக்கற்றும் தருவினம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்த சந்திப்புகளை நான் எதிர்ப்பக்கம் இருந்தே பார்த்திருக்கிறேன்.

தெரிந்த அளவு சிங்களத்தில் வணக்கம் சொல்வதும் ஓரிரு வசனம் கதைப்பதும் நல்லதுதான். தெரியாததைத் தெரிந்ததுபோலத் தலையாட்டுவது ஆபத்து. திருப்பி அனுப்பும் சரக்கு யார் செலவு, காசு எத்தனை நாளில் என்ற இரண்டையும் விளங்கும் வரை திரும்பத் திரும்பக் கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

நெல்லுத் தரகரைப் பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள், உங்கள் ஐயா விற்கப்போவதற்கு. அங்கே கதைக்கு அவ்வளவு வேலை இல்லை. வெட்டு மெசின் வயலில் நிற்க, ஈர நெல் தரப்பாளில் குவிந்திருக்க, வானம் இருட்டிக்கொண்டு வர, விதைக்கும் பசளைக்கும் அதே தரகரிடம் கடன் வாங்கியிருந்தால், எவ்வளவு வடிவாகக் கதைத்தாலும் விலை ஏறாது. ஒரு பத்து நாள் நெல்லை வைத்திருக்க இடமும், 14 வீத ஈரப்பதத்துக்குக் காயவைக்க வசதியும் இருந்தால், வாய் திறக்காமல் நின்றாலே விலை கொஞ்சம் ஏறும். மூடைக்கு இத்தனை கிலோ கழிவு என்று அவர் சொல்வதை விலை கதைக்குமுன் கதைத்து முடிக்கச் சொல்லுங்கள். தராசில் ஏற்றும்போது கதைத்தால் பிந்திவிட்டது.

சந்திப்பு முடிந்தபிறகு என்ன செய்தீர்கள் என்று குறிப்பில் இல்லை. அவர்கள் எடுப்பார்கள் என்று காத்திருந்தீர்கள் போலிருக்கிறது. எடுக்கமாட்டார்கள். அன்று பின்னேரமே வட்ஸ்அப்பில் மூன்று வரி: இன்று கதைத்தது இது, நீங்கள் கேட்ட ஆவணம் இது, அதை நாங்கள் தரும் திகதி இது. குரல் பதிவு அனுப்பாதீர்கள். கூட்டத்தில் இருப்பவர் அதைக் கேட்க முடியாது, மேலதிகாரிக்கு அனுப்பவும் முடியாது. எழுத்தை அனுப்பலாம். அப்புறம் சொன்ன திகதிக்கு ஒரு நாள் முந்தி அந்த ஆவணம் போய்ச் சேரவேண்டும். மாவை ஒழுங்காக அனுப்புவீர்களா என்பதை அவர் முதலில் கடதாசியில்தான் சோதிக்கிறார்.

"பார்ப்பம்" என்று சொன்னால், "சரி சேர்" என்று எழும்பி வந்துவிடாதீர்கள். எங்கள் ஆட்களும் சரி, சிங்கள ஆட்களும் சரி, முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லக் கூச்சப்படுவார்கள். நீங்களே வழியைத் திறந்து கொடுங்கள்: "சேர், இப்ப எடுக்க ஏலாது எண்டால் பரவாயில்லை. எது சரிவந்தால் எடுப்பீங்கள் எண்டு மட்டும் சொல்லுங்கோ." இந்தக் கேள்விக்கு வரும் பதில்தான் அந்தப் பயணத்தின் உண்மையான ஆதாயம். லேபல் என்பார், அல்லது இதே விலையில் இன்னொருவர் தருகிறார் என்பார். எதைச் சொன்னாலும் எழுதிக்கொண்டு வாருங்கள், அதைச் செய்துவிட்டு அதைச் சொல்லியே திரும்பப் போகலாம்.

ஒரு விடயம் மிச்சம் இருக்கிறது, அது வெளியாட்களோடு அல்ல. ஆறு பேரில் ஒருவர் அதே மாவை உள்ளூர்ச் சந்தையில் 50 ரூபா குறைத்து விற்கிறார் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். கொழும்புக்குப் போகுமுன் அவரோடு கதைக்கவேண்டும், ஆனால் கூட்டத்தில் எல்லோர் முன்னும் வைத்து அல்ல. கூட்டத்தில் கேட்டால் அவர் மானத்துக்காகச் சண்டை பிடிப்பார். வீட்டுக்குப் போய்க் கேளுங்கள், ஏன் என்று. பெரும்பாலும் கிழமைக்கிழமை கட்டும் கடன் ஒன்று இருக்கும், சங்கத்தின் காசு மாதக் கடைசியில் வருவது அவருக்குப் போதாமல் இருக்கும். அப்படியென்றால் அவருடைய பங்கைக் கிழமைக்கு ஒருமுறை கொடுக்க ஒரு ஏற்பாடு செய்யலாம். ஒற்றுமை என்று ஒரு மணித்தியாலம் கதைத்தாலும் அந்தக் கிழமைக் கட்டுப்பணம் குறையப்போவதில்லை. சந்தை விலையையும் கொழும்பு விலையையும் கொள்வனவு அதிகாரி ஒப்பிட்டுப் பார்க்கமாட்டார் என்று நினைக்கவேண்டாம். அவர்களுடைய ஆட்கள் கிளிநொச்சிக்கும் வருகிறார்கள்.

முதலில் லேபலை அடியுங்கள். நெல் இருப்பை எண்ணுங்கள். அதற்குப் பிறகு கொழும்புக்கு அழைத்து, சென்ற முறை பார்த்த அதே அதிகாரியிடம் 15 நிமிடம் கேளுங்கள். ஓடர் எழுத்தில் வந்தபிறகு வங்கி. இந்த ஒழுங்கை மாற்றவேண்டாம். ஒடியல் மாவையும் மிளகாய்த்தூளையும் இந்தமுறை பைக்குள் வைக்கவேண்டாம்.